கரண்ட்டைக் கேட்டுச் சுருதி சேர்த்தவர்கள்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, சொந்தப் பாட்டு மட்டும்தான் என்பது அவர்கள் கொள்கை. அதனால் வருமானம் இல்லை என்பதையும் கொள்கையோடு சேர்த்தே சொல்கிறார்கள். அதில் பேஸ் கிடார் வாசிக்கும் நித்யா என்ற பெண், இந்த வட்டாரத்தில் அந்த வாத்தியத்தை வாசித்தவர்களில் நான்தான் மூத்தவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒத்திகைக்கு வரும்படி அழைத்தார். மூத்தவன் என்றால் மிச்சம் இருப்பவன் என்று அர்த்தம். போனேன்.

அவருடைய கிடாரின் தலையில் துணி உலர்த்தும் கிளிப் மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. கம்பியைத் தட்டினால் அதில் பச்சை விளக்கு எரிகிறது. பச்சை எரிந்தால் சுருதி சரி. காதுக்கு வேலையே இல்லை.

"உங்க காலத்துல இது இல்லயே சார், எத வச்சி ட்யூன் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"கரண்ட்ட வச்சி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அப்போது விளக்கிச் சொல்ல நேரமில்லை, டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் பேஸ் கிடார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாலு தடித்த கம்பி உள்ள கிடார். பாட்டுக்கு அஸ்திவாரம் அதுதான் என்பார்கள். அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள்? பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவனைப் பார்ப்பார்கள். என்னிடம் வந்து, "நீ இன்னாத்துக்குபா சும்மா நின்னுக்கினு கீற?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழாத ஊர் இந்த ஜில்லாவில் இல்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் செவ்வாப்பேட்டைப் பக்கம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வாட்ச்மேன் ஆனார். அவருக்குக் கொடுத்த இடம் டிரான்ஸ்பார்மர் யார்டு. கம்பி வேலிக்குள் ஆள் உயர டிரான்ஸ்பார்மர்கள், வேலிக்கு வெளியே ஒரு ஸ்டூல், ஸ்டூலில் நைனா. டிரான்ஸ்பார்மரை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் வேலை நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளில் எனக்கும் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது.

வாசிக்கக் கற்றது பெரிய கதை இல்லை. குருநாதர் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு பேர். ஒன்று, சர்ச்சில் ஆர்கன் வாசித்தவரின் இடது கால். அவர் கை செய்ததை நான் கவனித்ததே இல்லை. அந்தக் கால் மிதித்த கட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஆராதனை முடிந்தது தெரியாமல். மற்றது, எளாவூர் செக்போஸ்டில் என்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் லாரிகள். அந்த உறுமலில் ஒரு தாளம் உண்டு. ரேடியோவில் சிலோனிலிருந்து வந்த இங்கிலீஷ் பாட்டுகளும் இருந்தன, ஆனால் எங்கள் ரேடியோவில் தடித்த சத்தம் எதுவும் கேட்காது. அந்தப் பாட்டுகளில் பேஸ் இருந்தது என்றே எனக்குப் பல வருஷம் தெரியாது.

குழுவை ஆரம்பித்தது சாலமன் அண்ணன். அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அவர் பாடுவார், கிடாரும் வாசிப்பார். டிரம்ஸுக்குப் பழவேற்காட்டு மீனவர் குடும்பத்துப் பையன் கஜா வந்தான். படகில் போக வேண்டிய நாளில் எங்களோடு வந்து, எங்களோடு வர வேண்டிய நாளில் படகில் போவான். அரக்கோணத்தில் ஒரு ரயில்வே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன வாத்தியங்களில் ஒரு பேஸ் கிடாரும் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்கும் வாத்தியம் இல்லை. மிஞ்சியதும் மிஞ்சியவனும் சேர்ந்துகொண்டோம்.

குழுவின் பெயர் ஹை டென்ஷன். அந்தப் பெயர் யார்டு வேலியில் ஒரு தகரப் பலகையில், மண்டையோட்டுப் படத்தோடு, ஏற்கெனவே எழுதியிருந்தது. தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

யார்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஒத்திகை. ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் நிர்வாகம் அதை விட்டுக்கொடுத்தது. பேஸ் கம்பி அப்போது சுலபத்தில் கிடைக்காது. பழசாகி மழுங்கிப்போன கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்ச நாள் மறுபடி கணீரென்று பேசும். அம்மாவின் ரசச் சட்டியில்தான் வேகவைப்பேன். "ஊருல புள்ளைங்க கறி வேணும், மீனு வேணும்னு கேக்குது, இது கம்பிய வேகவச்சிக்கினு கீது" என்பாள். சட்டியை மட்டும் தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சாலமன் அண்ணனின் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. ரொம்ப நன்றாக இருந்தால் "பரவால்ல" என்பார். பிடிக்கவில்லை என்றால் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் முனையைப் பார்ப்பார். கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். ஆனால் அதை அவர் எடுத்தால் நான் பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சினிமாப் பாட்டு கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பழவேற்காட்டில் கஜாவின் குப்பத்துத் திருவிழாவில் ஒரு சாயங்காலம் வாசித்தோம். சினிமாப் பாட்டு போடு என்று சத்தம் வந்தது. அண்ணன் மைக்கில், "அது எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா, "தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு மேடை?" என்றார். அடுத்த சொந்தப் பாட்டை ஆரம்பித்தோம்.

இப்போது சுருதி விஷயம்.

எந்த இடத்துக்குப் போனாலும் சாலமன் அண்ணன் ஒரே முறையில்தான் வேலையை ஆரம்பிப்பார். முதலில் எர்த். ஒரு பள்ளம் தோண்டி, உப்பும் கரியும் போட்டு, இரும்புக் குழாயை இறக்கித் தண்ணீர் ஊற்றி, ஒயரைக் கட்டுவார். அதன் பிறகுதான் ஆம்ப்ளிபயர். திருவள்ளூரில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்து கொடுத்த மரப்பெட்டி அது. வால்வுகள் சூடாக நேரம் பிடிக்கும். சூடானதும் பெட்டி தானாக "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் போடும். எர்த் எவ்வளவு சரியாக இருந்தாலும் போடும். அண்ணன் கையைத் தூக்குவார். யாரும் பேசக் கூடாது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் என் நாலு கம்பிகளில் மெல்லிய கம்பியை, ஜி என்ற கம்பியை, அந்த "ம்ம்ம்"மோடு சேர்த்து முறுக்குவேன். என் கம்பியிலிருந்து அவர் தன் கிடாரைச் சேர்ப்பார். முடிந்தது.

கரண்டின் இரைச்சல் ஏறக்குறைய ஜி என்ற ஸ்வரம். யார்டில் டிரான்ஸ்பார்மர்கள் போடும் சத்தமும் அதேதான். சுத்தமான ஜி இல்லை, அன்றைக்கு லைனில் என்ன வருகிறதோ அதைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கோடையில் கரண்ட் தட்டுப்பாடு வந்தால் அண்ணன் பெட்டியிலிருந்து காதை எடுத்து, "இன்னிக்கி தாய்வா கீது" என்பார். நாங்களும் தாழ்வாக வாசிப்போம். அந்தப் பழவேற்காட்டுத் திருவிழாவில் ஜெனரேட்டர். டீசல் தீரத் தீர அது களைத்துப்போனது. ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் நாங்கள் ஒழுங்காகச் சுருதி பார்த்தோம், ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே. கடைசிப் பாட்டை அண்ணன் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருந்தது. சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

வேறு ஸ்வரத்தில் பாட்டு போட்டால் இந்த இரைச்சல் இடிக்கும் என்பதால் எங்கள் பாட்டெல்லாம் ஜி-யில்தான் இருக்கும். அதில் சிறந்த பாட்டு "கேட்டு மூடிக் கிடக்கு". லெவல் கிராஸிங்கில் சைக்கிளோடு நிற்கும் ஒருவன், ரயில் போவதற்குள் தன் வாழ்க்கையை யோசித்துப் பார்ப்பது. அதற்கு நான் ஒரு பேஸ் லைன், அதாவது பேஸ் கிடாருக்கென்று ஒரு தனி மெட்டு, போட்டிருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தது. அது மேலே ஏறும், ஒரு இடத்தில் திரும்பிப் பார்க்கும், சறுக்கி இறங்கும், மறுபடி ஏறும். தலைக்கனம் என்று நினைத்தாலும் பரவாயில்லை: என் வாழ்க்கையில் நானாகச் செய்த நல்ல காரியம் அந்த லைன் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். சாலமன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு இரண்டு தடவை "பரவால்ல" என்றார்.

அந்த லைன் காதில் விழாத ஒரே ஆள் நைனா. கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர். ஒத்திகை முடிந்து, "கேட்டியா நைனா?" என்பேன்.

"கேட்டேன். சாலமனு பாடனது கேட்டுது. கொட்டு கேட்டுது. உன்னத்தான் காணோம்" என்பார்.

கேலி இல்லை. உண்மையைச் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்தும்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி எங்களை வரச் சொன்னது. ஒரு மத்தியானம் ஸ்டூடியோ தருவார்கள். ஒலிப்பதிவாளர் திருப்தி என்று சொன்னால் ரெக்கார்டு வெளிவரும், இல்லையென்றால் ரயில் ஏறிவிட வேண்டியதுதான். அதே வாரம் தொழிற்சாலையில் சாலமன் அண்ணனைக் கூப்பிட்டுச் சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னார்கள். தனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் எதிரில் சூப்பர்வைசர் மேடையேறிக் கூத்தாடக் கூடாது என்பது நிபந்தனை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஸ்டூடியோ சனிக்கிழமை.

ரயிலில் அண்ணன் சொன்னார்: "ரெக்கார்டு வந்தா பாட்டு. வரலன்னா சூப்பர்வைசரு. வேற பேச்சு வாணாம்." கஜா வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்காவது படகு இருந்தது. எனக்கு நாலு கம்பியை விட்டால் ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எண்ணுவதுதான்.

ஸ்டூடியோ வாசலிலேயே எங்கள் மரப்பெட்டியை நிறுத்திவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஐம்பது வயது மனிதர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பெட்டியைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இது வெளியிலயே இருக்கட்டும். உள்ள நம்ம பெட்டி இருக்கு" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொண்டது. அப்படி ஒரு அமைதி. அவர்கள் பெட்டியில் என் கிடார் ஒயரைச் செருகினேன். அது சத்தமே போடவில்லை. சாலமன் அண்ணன் அதில் காதை வைத்தார். பிறகு டெஸ்டரை எடுத்து, கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்துகொண்டுதான் இருந்தது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எங்கள் விஷயத்தில் கூடம் நேராக இருந்ததுதான் தொந்தரவு. சுருதி சேர்க்க எதுவும் இல்லாமல் மூன்று பேரும் நின்றோம். மூலையில் ஒரு பியானோ இருந்தது. ஒலிப்பதிவாளர் வந்து அதில் ஒரு கட்டையை அழுத்திக் காட்டினார். சேர்த்துக்கொண்டோம். "கேட்டு மூடிக் கிடக்கு" வாசித்தோம். ஒரு தப்பும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையை ஆட்டினார். மறுபடி வாசித்தோம். மறுபடி ஆட்டினார். உள்ளே வந்தார்.

"பாட்டு நல்லா இருக்கு. ஆனா அந்தரத்துல நிக்குது. கீழ தரை இல்ல" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க தனியா வாசிங்க" என்றார்.

வாசித்தேன். ஏறினேன், திரும்பிப் பார்த்தேன், சறுக்கினேன்.

"நல்லா இருக்கு. ஆனா தாளத்தோட முதல் தட்டுல நீங்க வாசிக்கறதே இல்லயே. பாட்டு ஜி-யில. அந்த ஜி-ய நீங்க தொடவே இல்ல. ஏன்?"

"அங்க ஏற்கெனவே இருக்குதே சார்" என்றேன்.

"யார் இருக்கா?"

நான் சாலமன் அண்ணனைப் பார்த்தேன். அவர் கஜாவைப் பார்த்தார். கஜா டிரம்ஸைப் பார்த்தான்.

"டிரான்ஸ்பார்மர் சார்" என்றார் சாலமன் அண்ணன்.

ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை. பிறகு வாசலுக்குப் போய், எங்கள் மரப்பெட்டியை மறுபடி போட்டுக் கேட்டுவிட்டு வந்தார். "புரியுது" என்றார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் பாட்டின் அடித்தளத்தைக் கரண்ட் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் தலைமேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தேன். பேஸ்காரன் செய்ய வேண்டிய வேலையை நான் ஒரு நாளும் செய்ததே இல்லை.

"அந்தப் பெட்டிய உள்ள கொண்டாந்தா சரியாப் போயிடும் சார்" என்றான் கஜா.

"இந்த ரூம்ல இரைச்சல் வராம பாத்துக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் அவர், மெல்லிய குரலிலேயே.

முதல் தட்டில் ஜி-யைத் தொட்டுவிட்டு லைனுக்குப் போகலாம் என்று முயன்றேன். கை வரவில்லை. ஜி-யைத் தொட்டால் ஏறுவதற்கு நேரம் போதவில்லை. ஏறினால் ஜி விட்டுப்போனது. திரும்பத் திரும்ப வாசித்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்தேன். வெளியே அடுத்த பதிவுக்கான வயலின்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார்.

சாலமன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். ஜி-யை மட்டும் வாசி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உன் லைனு நல்லாத்தான் கீது பாலு" என்றார். டெஸ்டரை எடுக்கவில்லை. கிடாரைக் கழற்றப் போனார்.

ஒரு மழைக்காலத்து வேலை. நைனாவின் காதில் விழாவிட்டாலும், ரெக்கார்டில் வந்தால் என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த லைனோடு ரயில் ஏறிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை அதில் அப்போதே தெரிந்தது.

"நான் ஜி மட்டும் பிடிக்கறேண்ணா. பாட்டு பூரா" என்றேன்.

ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு விடாமல் இரையத் தெரியும். கம்பி தட்டியதும் செத்துப்போகும், மறுபடி தட்ட வேண்டும். தட்டியது தெரியாமல் தட்ட வேண்டும். ஒலிப்பதிவாளர் தன் கைக்குட்டையை மடித்துக் கம்பிகளுக்கு அடியில் செருகினார், சத்தம் உருண்டையாக வந்தது. நகத்தை விட்டுக் கட்டைவிரல் சதையால் தட்டச் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது. இடது கை மேலே ஓடப் பார்த்தது. அதை அதட்டி உட்கார வைத்தேன். என் லைன் வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அது எனக்குள் ஓடியது, விரலில் ஓடவில்லை. இரண்டாவது சரணம் முடியும் இடத்தில், அது திரும்பிப் பார்க்குமே, அங்கே மட்டும் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கிவிட்டது. உடனே பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கையைத் தூக்கினார். தயங்கியதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "போதும், இதுதான்" என்றார். சாலமன் அண்ணன் என்னைப் பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். வயலின்காரர்கள் உள்ளே வந்துவிட்டதால் அதற்கு மேல் கலங்க இடமில்லை.

சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. அவர் அடுத்த ஆண்டு விழாவில் எங்களைச் சினிமாப் பாட்டு பாடச் சொன்னார். தெரியாதுங்க என்றோம். ரெக்கார்டு வந்தது; பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. இன்னும் சில வருஷம் வாசித்தோம். பிறகு கஜா படகோடு போய்விட்டான், அண்ணனுக்குத் தொண்டை போய்விட்டது. நான் ஓய்வு பெறும்வரை ஸ்டோர்ஸில் இருந்துகொண்டே கல்யாணக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டு வாசித்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அங்கேயெல்லாம் முதல் தட்டை நான் ஒரு நாளும் விட்டதில்லை.

ரெக்கார்டு கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சாலமன் அண்ணன் வீட்டில்தான் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. நைனா டியூட்டி முடித்து, காக்கிச் சட்டையோடு நேராக அங்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல், பிளேயருக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார். பாட்டு ஓடியது. "கேட்டியா நைனா?" என்று நான் கேட்கவில்லை. காணோம் என்று சொல்லுவார் என்று தெரியும். இந்த முறை காணாமல் போகத்தான் நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

முதல் சரணத்தில் அவர் தலை லேசாகச் சாய்ந்தது. "யாரு, நம்ம யாருதான?" என்றார். யார்டை அவர் 'யாரு' என்றுதான் சொல்வார். "டிரான்ஸ்பார்மரு. தெனம் கேக்கறேனே, எனுக்குத் தெரியாதா?"

"ஆமா நைனா" என்றேன். வேறு என்ன சொல்வது?

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சரணம் முடிந்தது. நைனா விரலைத் தூக்கினார்.

"இல்ல. இது நீ."

"எப்டி நைனா?"

"அது மூச்சு வாங்காது. இப்ப வாங்கிச்சி பாரு, அது நீதான்."

பாட்டு முடிந்து ஊசி சுற்றிக்கொண்டிருந்தது. நைனா காக்கிச் சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை.

"சாலமனு, இன்னொரு வாட்டி போடுபா" என்றார்.